திருகோணமலையில் முதுகெலும்புச் சிகிச்சை நிலையத்துக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே: மூன்று மாரிகாலப் பாவனைக்குப் பிறகு

பருமனான ஒருவரை நிற்கவைத்து இடுப்பு முதுகெலும்பைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் நிலையத்துக்கு எக்ஸ்ரே வாங்கப் போகிறவர் முகவரிடம் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். கையையும் நெஞ்சையும் எந்த இயந்திரமும் அழகாகக் காட்டும். இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திருவெலும்புக்கும் நடுவிலுள்ள எல்5–எஸ்1 இடைவெளி தெளிவாகத் தெரிகிறதா என்பதில்தான் ஜெனரேட்டர் (எக்ஸ்ரே குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் பகுதி), கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தகடு), டிடெக்டர் (கதிரைப் படமாக்கும் பலகை) மூன்றின் தரமும் ஒன்றாக வெளிப்படும்.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது டிடெக்டர் பனல். ஆனால் நாளாந்தப் பாவனையில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஜெனரேட்டரின் வலுக்குறைவு. கணக்கு எளிது. மேலே சொன்ன படத்துக்கு 90 கேவிபி (குழாயின் உச்ச மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), 60 எம்ஏஎஸ் (மில்லிஅம்பியரைச் செக்கனால் பெருக்கிய அளவு) தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோவாட் போர்ட்டபிள் இயந்திரம் 90 கேவிபியில் ஏறத்தாழ 55 எம்ஏ (மில்லிஅம்பியர்) மட்டுமே தரும். அதனால் 60 எம்ஏஎஸ் சேர ஒரு செக்கனுக்கு மேல் ஆகும். முதுகுவலியோடு நிற்பவர் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கமாட்டார். எலும்பின் விளிம்பு மங்கும், படத்தைத் திரும்ப எடுக்கவேண்டி வரும். 32 கிலோவாட் ஜெனரேட்டர் 320 எம்ஏ தந்தால் அதே வேலை 0.19 செக்கனில் முடிகிறது. கழுத்தைப் பக்கவாட்டில் 180 செ.மீ. தூரத்தில் எடுக்கும்போதும் இந்த வலு வேண்டும். 100 செ.மீ.யிலிருந்து 180க்குப் போனால் எம்ஏஎஸ் 3.24 மடங்காகிறது. போர்ட்டபிள் ஒன்றும் புதுப் பனல் ஒன்றும் சேர்த்து மலிவு விலைக்குத் தருகிறோம் என்று யாராவது வந்தால், முதுகெலும்பு வேலைக்கு அது வேண்டாம்.

வலு என்றதும் மின்சாரம் வந்துவிடும். 32 கிலோவாட்டை 230 வோல்ட் ஒற்றைக் கட்டத்தில் இழுத்தால் கணப்பொழுதுக்கு 140 அம்பியர். வீட்டு இணைப்பில் இது நடக்காது. மும்முனை 400 வோல்ட்டில் 46 அம்பியர், இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே இரண்டே வழி. மின்விநியோக நிறுவனத்திடம் 60 அம்பியர் மும்முனை இணைப்பு எடுக்கலாம், அல்லது பற்றரியிலோ கெப்பாசிட்டரிலோ மின்னைச் சேமித்து ஒரேயடியாக விடும் ஜெனரேட்டர் வாங்கலாம். இரண்டாவது வகை சாதாரண பிளக்கிலேயே சார்ஜ் ஏறும். மின்வெட்டு வந்தாலும் கையிலிருக்கும் நோயாளியின் படங்களை முடித்துவிடலாம். ஆனால் நம் வெயிலில் பற்றரிகள் சீக்கிரம் மூப்படையும். மாற்றுத் தொகுதியின் விலையை வாங்கும் நாளிலேயே எழுத்தில் பெறுங்கள். எந்த வகையானாலும் பிரதான பலகையிலிருந்து தனி லைன் இழுக்கவேண்டும். ஏசி கொம்பிரசரோடு ஒரே லைனில் போட்டால், ஏசி ஏறும் நேரத்து எக்ஸ்போஷர் வோல்ட் இறங்கிப் பிழையாகும். யூபிஎஸ் கணினிக்கும் பனலின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மட்டும் போதும்.

டிடெக்டரில் கவனிக்கவேண்டியது சிந்திலேட்டர், அதாவது கதிரை ஒளியாக மாற்றும் படலம். சீசியம் அயடைடா, தூளாலான கெடொக்ஸா என்று கேளுங்கள். சீசியம் அயடைடு ஊசி ஊசியாக வளர்ந்த படிகம். ஒளி பக்கவாட்டில் சிதறாமல் நேரே போவதால் குறைந்த கதிரில் நல்ல படம் கிடைக்கும். இடுப்புப் பகுதிக்கு இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். 100 மைக்ரோன் பிக்சலா 140 மைக்ரோனா என்ற பேச்சு முதுகெலும்புக்குப் பெரிய விஷயமல்ல. 14×17 அங்குலம் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல்) படங்கள் நிறைய எடுப்பீர்கள் என்றால் 17×17 வாங்குங்கள். கண்ணாடி அடித்தளம் கொண்ட பனல் ஏறத்தாழ 3 கிலோ. ஒருமுறை கைதவறினால் போயிற்று. விழுந்து உடைவதை வாரண்டி பொதுவாக ஏற்காது, தனிக் காப்புறுதி எடுக்கவேண்டும்.

பழைய எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் புதுப் பனல் பூட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்கவேண்டும். கம்பி இணைப்பில்லாமல், கதிர் பட்டதைத் தானே உணர்ந்து படம் பிடிக்கும் முறை பெரிய படங்களுக்கு நன்றாக வேலை செய்யும். வாயைத் திறந்து எடுக்கும் சி1–சி2 (கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகள்) படத்தில், கதிர் விழும் பரப்பை வரையறுக்கும் கொலிமேட்டரை ஒடுக்கிவிடுவோம். அப்போது கதிர் உணர்விடங்களில் படாமல் பனல் விழிக்காது போகலாம். நோயாளிக்குக் கதிர் போய்விட்டது, படம் இல்லை. ஜெனரேட்டருக்கும் பனலுக்கும் இடையில் இரண்டையும் ஒரே நேரத்தில் இயங்கவைக்கும் சிங்க் கேபிள் போட்டால் இந்தத் தொல்லை தீரும். முகவர் தேவையில்லை என்பார். கேட்டு வாங்குங்கள்.

கிரிட்டை யாரும் விளக்குவதில்லை. 10:1 விகிதம் இடுப்புக்குப் பொருந்தும். அது எந்தத் தூரத்துக்குக் குவிக்கப்பட்டது என்று சட்டத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும். 100 செ.மீ. கிரிட்டை 180இல் பாவித்தால் இரு ஓரமும் வெளிறும். தலைகீழாகச் செருகினால் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெரியும். அசையாத கிரிட் என்றால் செ.மீ.க்கு 80 கோடு அளவில் நெருக்கமானதாக இருக்கட்டும். அகலக் கோடு கொண்டவை பிக்சல் வரிசையோடு மோதித் திரையில் அலையலையாகக் காட்டும்.

இனி பனலைத் தாங்கும் ஸ்டாண்ட். இந்தத் தொழிலில் நிற்கும் நிலைப் படத்தில் கோடு போட்டு அளக்கிறோம். ஆகவே ஸ்டாண்டின் சாய்வு சிகிச்சையையே திசைதிருப்பும். இரு தொடையெலும்புத் தலைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 18 செ.மீ. இருக்கிறது. பனல் 1 பாகை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 3 மி.மீ. உயர்ந்ததாகத் தெரியும். இல்லாத கால்நீள வித்தியாசத்துக்குக் குதியில் தகடு வைத்துவிடுவோம். பூட்டிய அன்றும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நோயாளி நிற்கும் தரையையும் பாருங்கள், பழைய வீட்டுச் சீமெந்துத் தரை பெரும்பாலும் ஒரு பக்கம் ஓடும். உருப்பெருக்கமும் உண்டு. எலும்பு பனலிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால் 100 செ.மீ. தூரத்தில் படம் 18 சதவீதம் பெரிதாகும், 180இல் 9 சதவீதம்தான். மென்பொருள் காட்டும் மில்லிமீட்டர் பனலின் மேற்பரப்புக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது.

முழு முதுகெலும்பையும் இரண்டு மூன்று படமாக எடுத்து ஒட்டும் வசதியை எல்லாரும் விளம்பரப்படுத்துகிறார்கள். படங்களுக்கு இடையில் நோயாளி அசைந்தால் ஒட்டிய இடத்தில் வளைவு பொய்யாகும். பிடித்து நிற்கக் கைப்பிடி கேளுங்கள். வளரும் பெண்பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி எடுங்கள். மார்பகத்துக்குப் போகும் கதிர் நன்றாகக் குறையும்.

இந்த ஊரின் உண்மையான எதிரி ஈரமும் உப்பும். உவர்மலையில் இருந்தாலும் உப்புவெளியில் இருந்தாலும் கடற்காற்று எட்டாத இடமில்லை. மாலையில் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்துவிடுவதே மிகக் கெட்ட பழக்கம். வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அது 26 பாகையிலேயே வியர்க்கும். பனலோ இன்னும் 22இல் இருக்கிறது. நீர்த்துளி மேலே மட்டுமல்ல, பற்றரி முனையிலும் இணைப்பிகளிலும் படியும். உப்போடு சேர்ந்து பச்சை பிடிக்கும், பிறகு பனல் இடையிடையே இணைப்பை விடும். இதை வைஃபை கோளாறு என்று நினைத்துப் பலநாள் தேடுவார்கள். ஏசி நின்ற பிறகு அறையை மூடிவைத்து ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிடுங்கள். பனலைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் தூசு அதிகம், கணினியின் விசிறியைக் கூடுதலாகத் துடைக்கவேண்டும்.

பனலின் அளவுதிருத்தத்தை (கலிபிரேஷன்) வாடைக்காற்று மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்வது நல்லது. கிரிட்டை எடுத்துவிட்டு, பனல் சூடேறிய பின், உற்பத்தியாளர் சொல்லும் வடிகட்டித் தகட்டைக் குழாயின் முன் வைத்து எடுக்கவேண்டும். கிரிட்டோடு செய்தால் அதன் நிழல் எல்லாப் படத்திலும் ஏறிவிடும்.

டிஜிட்டலில் கூடிய கதிர் கண்ணுக்குத் தெரியாது, படம் இன்னும் அழகாகவே வரும். அதனால் ஒவ்வொரு படத்தோடும் வரும் விலகல் எண்ணைப் பாருங்கள்; இலக்குக் கதிரளவிலிருந்து படம் எவ்வளவு விலகியது என்பதை அது காட்டும். +3 என்றால் தேவையானதைப்போல் இருமடங்கு கதிர், −3 என்றால் பாதி. மாத முடிவில் இந்த எண்கள் மேலேறிக்கொண்டே போனால் எக்ஸ்போஷர் அட்டவணையைத் திருத்துங்கள். இடுப்பு முதுகெலும்புப் பரிசோதனை ஒன்று சராசரியாக 1.5 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரின் அலகு) அளவு. அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017இல், ஆபத்து அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் படம் வேண்டாம் என்று சொன்னது. விபத்து, புற்றுநோய் வரலாறு, காய்ச்சல், நீண்டகால ஸ்டீரொயிட், சிறுநீர் கட்டுப்பாடிழப்பு இருந்தால் அது வேறு கதை. வாங்க முன் உங்கள் பதிவேட்டில் எத்தனை பேருக்கு உண்மையில் படம் தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சிறிதென்றால் இயந்திரம் வாங்காமல் வெளியே அனுப்புவதே நேர்மை.

அனுமதி இல்லாமல் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். இலங்கையின் 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையின் உரிமம் வேண்டும். அறை வரைபடத்தை இயந்திரம் வரமுன்பே காட்டுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 2 மி.மீ. ஈயத்துக்குச் சமம், ஆகவே பழைய தடித்த சுவர்கள் நமக்கு உதவி. ஓட்டை பெரும்பாலும் கதவிலும் ஏசிக் குழாய்த் துளையிலும்தான் இருக்கும்.

கோப்பு அளவு பயமுறுத்தாது. ஒரு படம் 15 மெகாபைட். நாளுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு நான்கு படம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 180 ஜிகாபைட். ஓர்தாங்க் போன்ற இலவச டைகொம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) சேவையகம் இதற்குத் தாராளமாகப் போதும். ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

பழுதுபார்ப்பவர் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வரவேண்டும். எத்தனை மணித்தியாலத்தில் வருவார், பழுது திருத்தும்வரை மாற்றுப் பனல் தருவாரா, பயணச் செலவு யாருடையது என்பன ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கணினியின் நிர்வாகக் கடவுச்சொல், மென்பொருள் உரிமத் திறவி, அளவுதிருத்தக் கோப்புகளின் பிரதி ஆகிய மூன்றையும் கடைசித் தவணைப் பணம் கொடுக்கமுன் கையில் வாங்குங்கள். வன்தட்டு எரிந்த நாளில் அந்தக் கோப்புகள் இருந்தால் தொலைபேசி வழிகாட்டலிலேயே மாலைக்குள் திரும்ப ஓடவைக்கலாம், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வாகனம் வரும்வரை அறை பூட்டியே கிடக்கும்.