பள்ளிக் கட்டடத்துக்கு பிளான் போடக் கொடுக்கும் முன் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கோயில் வளாகத்திலோ தமிழ்ப் பள்ளி வளாகத்திலோ கட்டடம் எழுப்பப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கு நான்கு வகுப்பறையும் ஒரு சிறு கூடமும் கட்ட முடிவானது. தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். ஆர்க்கிடெக்ட் என்றார், கேட்டதும் பதிவு எண்ணையும் தந்தார். "நம்ம பிள்ளைங்களுக்குத்தானே, பாதிக் கட்டணம் போதும்" என்று சொல்லி அதில் பெரும்பகுதியை முன்னதாகவே வாங்கிக்கொண்டார். அது சமையல் செய்து விற்றும் வீடு வீடாகப் போய்க் கேட்டும் பெற்றோர் சேர்த்த பணம்.

அப்புறம் மாதக்கணக்கில் ஒரே பதில்: "முனிசிபாலிட்டியில கிடக்கு." 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால் 30 நாளுக்குள் முனிசிபாலிட்டி முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் என்றால் 60 நாள். எங்களுடையது 500க்குள்தான். நேரில் போய் விசாரித்தால், எங்கள் பெயரில் மனுவே போடப்படவில்லை.

பிளானை வற்புறுத்தி வாங்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. எங்கள் மனை மேட்டில் இருக்கிறது. வாசலுக்கும் வகுப்பறைக்கும் ஒன்றரை மீட்டர் ஏற்றம். பிளானிலோ தரை சமமாக இருக்கிறது. சக்கர நாற்காலிக்கென்று மூன்று மீட்டரில் ஒரு சாய்தளம். இங்குள்ள விதிப்படி ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளமாவது வேண்டும், அப்படியானால் எங்களுக்கு 18 மீட்டர். பெரிய ஜன்னல்கள் அத்தனையும் தெற்கே. இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது என்பது இங்கே வீடு கட்டிய எவருக்கும் தெரியும். தாளின் ஓரத்தில் வேறு ஏதோ கட்டடத்தின் பெயர் அரைகுறையாக அழிக்கப்பட்டிருந்தது. எங்கள் மனையில் கால் வைக்காமலே, எங்கோ யாரோ போட்ட பிளானை நம் தலையில் கட்டியிருக்கிறார்.

பதிவு எண்ணும் அவருடையது இல்லை. சாகாப் என்கிற ஆர்க்கிடெக்ட் கவுன்சிலின் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே வேறொருவர் பெயர். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்வதே குற்றம்.

கமிட்டியில் சிலர், "போனது போகட்டும், இதையே பில்டரிடம் கொடுத்துக் கட்டிவிடலாம்" என்றார்கள். நான் கடுமையாக எதிர்த்தேன். 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் சரிந்து 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயம்பட்டார்கள். அதற்கும் பிளான் அனுமதி கிடையாது, கோர்ட் தடையையும் மீறி வேலை நடந்தது. நம் பிள்ளைகள் உட்காரும் கூரையை அப்படி எழுப்ப முடியாது.

சாகாப்பிலும் போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது வேலையை எடுத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் அம்மா முதல் நாளே மனைக்கு வந்து மட்டம் பார்த்தார், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டார். வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகுதான் பணம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்.

பழைய ஆள் இப்போது ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் கமிட்டிகளைச் சுற்றி வருவதாகக் கேள்வி. எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார். அதை சாகாப் பட்டியலில் தேடி, பெயரை அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.