அப்பாவின் நெஞ்சில் நீர்: கும்பகோணத்தில் மூன்று வாரம்

தங்கை மகள் கல்யாணத்துக்காக டொராண்டோவிலிருந்து போனேன். மூன்று வார விடுப்பில் பாதி ஆஸ்பத்திரி பெஞ்சில் போனது.

அப்பாவுக்கு 71 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளை: நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர். முதலில் போன தனியார் மருத்துவமனையில் "இதயமாக இருக்கும்" என்று நீர் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஊசியால் நீரை எடுத்தார்கள். இளமஞ்சளாக இருந்தது. ரிப்போர்ட்டில் அதன் புரதம், எல்.டி.எச். (செல்கள் சேதமானால் கசியும் ஒரு நொதி) இரண்டும் இருந்தன. பணம் கட்டிவிட்டு வந்தோம்.

தஞ்சாவூர் நுரையீரல் மருத்துவர் அதைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அன்றைக்கே எடுத்த ரத்த ரிப்போர்ட் எங்கே?" அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. அது இல்லாமல் பாதிக் கணக்குதான் என்றார். இதயமோ ஈரலோ சிறுநீரகமோ காரணமென்றால் பெரும்பாலும் வெறும் நீர்தான் கசியும். உறையே அழன்றிருந்தால் புரதமும் கூடவே இறங்கும். 1972இல் ரிச்சர்ட் லைட் குழு சொன்ன அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல், அல்லது எல்.டி.எச். 0.6 பங்குக்கு மேல் என்றால் அழற்சி பக்கம்.

பாவம் அப்பா, மறுபடி ஊசி. இந்த முறை ரத்தமும் சேர்த்து. புரதம் நீரில் 4.8, ரத்தத்தில் 6.9. எல்.டி.எச். நீரில் 410, ரத்தத்தில் 220. இரண்டுமே அழற்சி பக்கம். ஆனால் நீர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதய நீரும் இப்படி ஏமாற்றுமாம். அதனால் ஆல்புமின் என்ற புரதத்தையும் கழித்துப் பார்த்தார்: ரத்தத்தில் 3.5, நீரில் 2.9. வித்தியாசம் 1.2க்கு மேல் என்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும், இங்கே 0.6தான். எனக்குப் பிடித்தது இந்தக் கழித்தல்தான். புது மெஷின் வேண்டாம், யோசிக்கும் ஆள் போதும்.

அப்புறம் ஏ.டி.ஏ. என்ற நொதி, நீரில் 68. காசநோய் அதிகமுள்ள ஊரில் 40ஐத் தாண்டி, நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் நிறைந்திருந்தால் கை அந்தப் பக்கம்தான் நீளும். சீழ் பிடித்தாலும், லிம்போமா என்ற புற்றுநோயிலும், மூட்டுவாதத்திலும்கூட அது ஏறும் என்பதால் அவற்றையும் பார்த்து ஒதுக்கினார். டொராண்டோவில் மாமனாருக்கு நீர் கோத்தபோது இந்தச் சோதனையின் பேச்சே எழவில்லை. காசநோய் அரிதான இடத்தில் அதே எண்ணை நம்புவது கஷ்டம்தான்.

காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ் என்றதும் அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். உறையில் வரும் காசநோயில் கிருமி சொற்பம், அதனால் நெகட்டிவை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் விளக்கியதும் முகம் வாடிப்போனது. சளியிலும் கிருமி தென்படாததால் வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டும் வாய்ப்பு குறைவு என்பது மட்டும் ஆறுதல்.

காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஆறு மாதம். நிக்‌ஷய் என்ற அரசு உதவித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பதிவு செய்த அம்மணி, சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். தனியாரில் யாரும் இவ்வளவு பொறுமையாகப் பேசவில்லை.

கல்யாண வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா "ஒன்றுமில்லை, நீர்க்கோவை" என்றார். பின்னால் நாற்காலியிலிருந்து அப்பா குரல்: "டிபி, டி. மாத்திரை சாப்பிடறேன். நீ போய்ப் பந்தியப் பாரு."