ஓடிய நேரம் பூஜ்யம்: கோலாலம்பூரில் நாஸ் மாற்றப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டு நாஸ் (குடும்பக் கோப்புகளைச் சேமித்து, வீட்டில் எல்லாரும் எடுக்கும்படி வைக்கும் டிஸ்க் பெட்டி) பழசாகிவிட்டது, புதுப் பெட்டியும் ஹார்ட்டிஸ்க்கும் வாங்க வேண்டும் என்று கோலாலம்பூரில் கடை கடையாக விலை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். புத்தம் புதியது என்று சொல்லி, இரண்டரை ஆண்டுக்கு மேல் இரவு பகலாக ஓடிய இரண்டு டிஸ்க்குகளை என் தலையில் கட்டினார்கள். கடை செராஸ் பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை. நாளைக்கே பலகையை மாற்றிவிட்டு வேறு பெயரில் உட்காரலாம். அவர்கள் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் பயன்படும்.

என்னிடம் இருந்தது 2014ல் வாங்கிய, இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி நிறுவன நாஸ் பெட்டி. பிள்ளைகளின் பள்ளிப் படங்கள், பத்துமலையில் தம்பி காவடி எடுத்த வீடியோ, அப்பாவின் இபிஎஃப் சேமநிதித் தாள்கள், எல்லாருடைய மைகாட் அடையாள அட்டை நகல்கள் என்று குடும்பமே அதற்குள்தான். ஒரு டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பெட்டிக்குப் புது மென்பொருள் வருவதும் நின்றுவிட்டது. அப்டேட் நின்ற பெட்டியை இணையத்தில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டி வைத்திருந்தவர்கள் 2021 ஜூனில் பார்த்தார்கள்: உலகம் முழுக்கப் பலருடைய பெட்டிகள் துடைத்துவிட்டாற்போல் காலியாகிக் கிடந்தன. மை புக் லைவுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015ல். சரி, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

பெட்டியில் பிரச்சினை இல்லை. புதிதாக வாங்கிய சினாலஜி டிஎஸ்224 பிளஸ், சீல் உடையாமல் வந்தது, இன்றும் நன்றாக ஓடுகிறது. வில்லங்கம் டிஸ்க்கில். லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கியதில், சீகேட் நிறுவனத்தின் 16 டிபி எக்ஸோஸ் டிஸ்க்கை 1,400 ரிங்கிட்டுக்குக் கீழே யாரும் தரவில்லை. செராஸ் கடையில் 1,050. கவுண்டரில் நம்ம பையன்தான்.

“அண்ணே, இது டேட்டா சென்டர் டிஸ்க். அஞ்சு வருஷம் கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்.”

“அப்புறம் ஏன் தம்பி இவ்வளவு மலிவு?”

“புரொஜெக்ட் ஸ்டாக்ணே. ஒரு கம்பெனி ஆர்டர் போட்டுட்டு கேன்சல் பண்ணிட்டான். மொதலாளி தள்ளிவிடச் சொல்லிட்டாரு.”

அப்படிப்பட்ட சரக்கும் சந்தையில் உண்டு என்பதால் அந்தப் பதிலில் குறை காண எதுவும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் 50 ரிங்கிட் குறைப்பதாகச் சொன்னான். வங்கிக் கணக்கிலிருந்து டூயிட்நவ்விலேயே கட்டினேன், பின்னால் அந்தப் பதிவுதான் கைகொடுத்தது. இன்னொன்றும் கேட்டான். பழைய பெட்டியை டிஸ்க்கோடு விட்டுவிட்டுப் போனால் டேட்டாவை அவர்களே மாற்றித் தருவார்களாம், பழைய டிஸ்க்கை அழித்துவிடுவார்களாம், விலையில் 150 ரிங்கிட் கழித்துக்கொள்ளலாமாம். அப்பாவின் அடையாள அட்டை நகலுக்கு 150 ரிங்கிட் என்று இவர்களாகவே விலை வைத்துவிட்டார்கள் என்று மனதில் நினைத்துக்கொண்டு, வேண்டாம் தம்பி என்றேன். இந்த ஒரு விஷயத்தில் எந்தக் கடையையும் நம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோதே லேசாக உறுத்தியது. சாம்பல் நிற உறையின் வாய் சூட்டில் ஒட்டப்படாமல், சாதாரணச் செலோடேப்பால் மூடியிருந்தது. டிஸ்க்கின் பக்கவாட்டில் திருகு போகும் ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஒரு தேய்மானம். கேபிள் மாட்டும் சாட்டா முனையின் பொன்னிறப் பட்டைகளில் மெல்லிய கோடுகள். கேபிளைச் செருகி எடுக்காமல் அப்படிக் கோடு விழாது. ஆனால் பெட்டியில் போட்டுப் பார்த்தால் ஓடிய நேரம் பூஜ்யம், நிலைமை நன்று என்று பச்சையாகக் காட்டுகிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாஸ் காட்டும் அந்த எண், டிஸ்க் தன்னைப் பற்றியே எழுதிவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவிலிருந்து வருவது. பழைய காரின் மீட்டரைத் திருப்பிவிட்டு விற்பதுபோல, தெரிந்தவன் அதைப் பூஜ்யமாக்கிவிடலாம். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவும் உள்ளே இருக்கிறது. எழுதி வாசிக்கும் தலை எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதியது, எவ்வளவு வாசித்தது எல்லாம் அதில் தனியாக ஏறிக்கொண்டிருக்கும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் அதை வாசிக்கலாம். சைபர்ஜெயாவில் படிக்கும் அக்கா மகன் வந்து, டிஸ்க்கைக் கழற்றித் தன் லினக்ஸ் கணினியில் நேராகச் செருகிப் பார்த்தான். ஸ்மார்ட்டில் மூன்று மணி நேரம். ஃபார்மில் ஒன்றில் 22,600க்கு மேல், மற்றதில் 24,000ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

“மாமா, இது உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆயிடுச்சு” என்றான்.

சீகேட் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றின் வாரண்டி 2026லேயே முடிவதாகக் காட்டியது. எக்ஸோஸுக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்பதால், பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 2021 சரக்கு. லேபிளில் அச்சடித்திருந்ததோ 2024. மற்றது கணினி தயாரிக்கும் நிறுவனத்துக்கு விற்ற டிஸ்க், நேரடி வாரண்டியே கிடையாது. கடை ரசீதை அப்போதுதான் ஊன்றிப் படித்தோம்: “கடை வாரண்டி 12 மாதம்”. ஐந்து ஆண்டு என்று வாயால் சொன்னது தாளில் இல்லை.

இதே மோசடியை 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டிஸ்க் இடத்தை வைத்து ஈட்டும் சியா என்ற மின்நாணயத்துக்காக 2021 வாக்கில் வாங்கிக் குவித்த டிஸ்க்குகள்தான் எண் அழிக்கப்பட்டுப் புதியவையாகச் சந்தைக்கு வருகின்றன என்ற சந்தேகம் அப்போது எழுந்தது. எங்கேயோ ஐரோப்பாவில்தானே என்று இருந்துவிடாதீர்கள். 2025 மே மாதம் நம் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் அதிகாரிகளும் சீகேட் ஆட்களும் சோதனை போட்டார்கள். சுமார் 700 சீகேட் டிஸ்க்குகள் சிக்கின. பதிவை அழித்து, துடைத்து, புது லேபிள் ஒட்டி இணையச் சந்தைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஃபார்ம் எண்ணையும் மாற்றுகிறார்கள் என்ற செய்தியும் வந்துவிட்டது. ஆகவே ஃபார்ம் சுத்தமாக இருந்தாலும் சீரியலையும் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டா இருக்கிறதே, ஒன்று போனால் மற்றது இருக்கும் என்று சிலர் கேட்டார்கள். இரண்டுமே ஒரே மாதிரி தேய்ந்தவை. ஒன்று போய்ப் புதியதைப் போட்டால், மீதி இருக்கும் கிழட்டு டிஸ்க் தன்னிடம் உள்ளதை முழுதாக வாசித்துக் கொடுக்க வேண்டும். 16 டிபி நிறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் இடைவிடாத வேலை. மூச்சு நிற்பதற்கு அதைவிட நல்ல நேரம் அதற்குக் கிடைக்காது.

கடைக்குத் திரும்பிப் போனேன். “டெஸ்ட் பண்ணதுல கொஞ்சம் ஏறியிருக்கும்ணே” என்றான் பையன். இரண்டரை வருஷமா தம்பி டெஸ்ட் பண்ணீங்க என்று கேட்டதும் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் ஃபார்ம் தாளைப் பார்க்கவே இல்லை. ரசீதின் அடியில் இருந்த “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற வரியை விரலால் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு ரசீதால் பறிக்க முடியாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். முதலாம் பாரம், கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள். வக்கீல் வைக்கத் தேவையில்லை. ரசீது, டூயிட்நவ் பதிவு, லேபிளின் படம், தளத்தில் காட்டிய வாரண்டி தேதி, ஃபார்ம் தாள், பையனோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாம் இணைத்தேன். விசாரணைக்கு முன்பே முதலாளி போன் செய்தார். ரசீதைத் தட்டிக் காட்டியவர் இப்போது “பாஸ், பேசித் தீத்துக்கலாம்” என்றார். டிஸ்க்கின் பணம் 2,100 ரிங்கிட் கணக்குக்கு வந்த பிறகே மனுவைத் திரும்பப் பெற்றேன். போக்குவரத்து, பார்க்கிங், அலைச்சல் எல்லாம் என் கணக்கில். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

அந்த இரண்டு டிஸ்க்குகளும் அவர் கடைக்கே திரும்பிப் போயிருக்கின்றன. வேறொரு உறையில், வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செராஸ் பக்கம் மலிவாக எக்ஸோஸ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சீரியலை இன்றே பாருங்கள். வாங்கி மாதங்கள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தீர்ப்பாயத்துக்குப் போக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.