சுழல்: அவசரமாக ஒரு முறை, வாரம் ஒரு பாகமாக ஒரு முறை

2022 ஜூனில் ‘சுழல்’ வெப் சீரிஸ் வந்தபோது எட்டு பாகங்களையும் இரண்டே ராத்திரியில் பார்த்துவிட்டேன். யார் செய்தது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. முடித்ததும் அண்ணியிடம், “நடுவுல ரொம்ப இழுவை” என்றேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன்.

2025 பிப்ரவரியில் இரண்டாம் சீசன் வந்தது. அதைத் தொடும் முன் முதல் சீசனை மறுபடி போட்டோம். அம்மாப்பேட்டை வீட்டில் அம்மா, அண்ணி, நான். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு பாகம். மிச்சமிருக்கும் ஆறு நாளும் வீட்டில் சண்டைதான்.

பெரிய சண்டை நந்தினியைப் பற்றி. தங்கை நிலா காணாமல் போனதால் ஊருக்குத் திரும்புகிறவள், தான் ஏன் அந்த வீட்டை விட்டுப் போனாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. “முதல் நாளே வாயத் தொறந்திருந்தா எட்டு வாரம் எதுக்கு?” என்றார் அம்மா. “சொன்னா யாரு நம்புவாங்க அத்தை?” என்றார் அண்ணி. நான் அண்ணி பக்கம். முடிவு தெரிந்து பார்க்கும்போது, அவள் பாதியில் நிறுத்தும் ஒவ்வொரு பேச்சும் நெஞ்சில் தைக்கிறது. முன்பு நான் இழுவை என்றது இந்த இடங்களைத்தான். ஐஸ்வர்யா ராஜேஷ் எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்பதும் இப்போதுதான் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் ரெஜினா விஷயத்தில் கட்சி மாறியது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தை விரட்டும்போது இருந்த குரல், தன் மகன் பெயர் அடிபட்டதும் அவருக்கு இல்லை. அண்ணி அதை மன்னிக்கவில்லை, அம்மா மன்னித்துவிட்டார்.

கதை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு சேர்ந்தே நகர்கிறது. சேலத்தில் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் வேஷம் கட்டி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாயத்துக்குப் பின்னால் இருப்பது தெரிந்த முகமா என்ற அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான விழா கிடையாது.

ஒரு குறை: கடைசிப் பாகத்தில் நாமே ஊகித்துவிட்டதையும் வசனமாகச் சொல்கிறார்கள்.

ஏழாவது பாகத்தை ஏற்காட்டில், பெரியம்மா வீட்டில் பார்த்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெளியே ஒரே பனிமூட்டம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் நந்தினிக்காக வாதாடினேன். “சரி, அவ வயசுல நானும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார் அம்மா.

இரண்டாம் சீசனை வரும் வெள்ளிக்கிழமை தொடங்குகிறோம்.