பி.எட். கல்லூரி: நாக் கிரேடா, டெட் தேர்ச்சியா, பிராக்டிஸா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பி.எட். சேரப் போகிறவர்கள் "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்று கேட்டால், நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கொடுத்த கிரேடு பார் என்பார் ஒருவர், டெட்டில், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வில், எத்தனை பேர் பாஸ் என்று கேள் என்பார் இன்னொருவர். பள்ளியில் வேலை பார்க்கிற டீச்சர் மட்டும், பாடம் நடத்திப் பழகும் பிராக்டிஸுக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரிக்கச் சொல்வார். நான் அந்த டீச்சர் கட்சி.

கிரேடைக் குறை சொல்லவில்லை. ஏழு தலைப்பில் பார்த்துக் கொடுத்த கிரேடு அது, 4-க்கு 3.51 வாங்கியிருந்தால் ஏ++. நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அதில் ஓரளவு தெரியும். ஆனால் கல்லூரியே எழுதித் தரும் சுயமதிப்பீட்டு அறிக்கையில் தொடங்குகிற வேலை அது. ஃபைல் அடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சாதகம்தான்.

டெட் விஷயம் வேறு. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்களும் இதை முடித்தாக வேண்டும் என்று சொன்னதிலிருந்து மவுசு இன்னும் ஏறிவிட்டது. பாடமே தெரியாதவர் வகுப்புக்குள் நுழையாமல் தடுக்கும், அதுவரை சரி. ஆனால் 150 கேள்வியும் விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி. அதில் குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறைக்கு 30. அப்புறம், அந்தத் தேர்ச்சி கல்லூரி தந்ததா, வெளியே பணம் கட்டிப் போன கோச்சிங் தந்ததா, யார் பிரித்துச் சொல்ல முடியும்?

பிராக்டிஸுக்கு வருவோம். ஆசிரியர் கல்விக்கு விதி வகுக்கும் என்.சி.டி.இ.யின் 2014 விதிப்படி பி.எட். இரண்டு வருஷம், அதில் பள்ளியில் 20 வாரம், இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீத வருகை. காகிதத்தில் எல்லாக் கல்லூரிக்கும் இது ஒன்றுதான், ஆனால் நடப்பில் "ஃபீஸ் கட்டுங்க, வரவேண்டாம், ரெக்கார்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்கிற இடமும் இருக்கிறது, பயிற்சிக்குப் போன பிள்ளையை லீவு போட்ட டீச்சரின் பீரியடில் உட்காரவைத்துவிட்டுக் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற இடமும் இருக்கிறது. அபூர்வமாகத்தான் கல்லூரிப் பேராசிரியர் கடைசி பெஞ்சில் முழு பீரியடும் உட்கார்ந்து, "முன் வரிசையை மட்டுமே கேள்வி கேட்டே, ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்த ஒரு பேச்சுக்கு எந்த கிரேடும் ஈடில்லை என்பேன்.

ஏனென்றால் காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை இருக்கும், வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பிள்ளை இருக்கும், ஆறாவது வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருக்கும். சார்ட் ஒட்டி அழகாக எழுதிய லெசன் பிளான் அங்கே பத்து நிமிஷம் தாங்காது. தாங்காதபோது என்ன செய்வது என்பதை டெட் புத்தகம் சொல்லித் தராது, பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால் சேருவதற்கு முன் ஆபீஸில் விசாரிக்காமல், இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரைப் பிடியுங்கள். பள்ளிக்கு யார் வந்து பார்த்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், அப்புறம் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முழித்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள், வாசலில் எந்த கிரேடு பேனர் தொங்கினாலும்.