புவியியலை எங்கிருந்து தொடங்குவது? களனி கங்கையை வைத்து ஓர் ஒப்பீடு

தரம் 6, 7 பிள்ளைகளுக்குப் புவியியலின் அடிப்படைகளை அறிமுகப்படுத்த மூன்று வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, நமக்குப் பழகிய பௌதிகம், மானிடம் என்ற பிரிப்பு. இரண்டாவது, 1984இல் அமெரிக்கப் புவியியல் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து வகுத்த ஐந்து கருப்பொருள்கள்: அமைவிடம், இடம், மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பு, நகர்வு, பிரதேசம். மூன்றாவது, அவுஸ்திரேலியப் பாடத்திட்டத்தின் ஏழு எண்ணக்கருக்கள். காகிதத்தில் மூன்றும் நன்றாகத்தான் தெரியும். கொழும்புப் பிள்ளைக்கு எது கைகொடுக்கும் என்று அறிய, களனி கங்கையை மூன்றிலும் ஓடவிட்டுப் பார்ப்போம்.

பௌதிகப் பக்கத்தில் ஆறு ஒழுங்காக ஓடுகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனியாகிறது, தென்மேல் பருவக்காற்று மழை அதை நிரப்புகிறது, மட்டக்குளிப் பக்கம் அது கடலில் விழுகிறது. மானிடப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்கள், லக்சபான மின்சாரம், அம்பத்தலையில் எடுக்கும் குடிநீர். பரீட்சைக்கு இதைவிட வசதியான ஒழுங்கு இல்லை. ஆனால் மணல் அகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கட்டடம் எழும்ப மணல் வேண்டும். ஆற்றில் அள்ள அள்ளப் படுகை தாழ்கிறது. மழை பொய்த்து நீர்வரத்துக் குறையும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தையே எட்டிவிடுகிறது. அதனால்தான் அம்பத்தலையில் ஆற்றுக்குக் குறுக்கே உவர்நீர்த் தடுப்பு தேவைப்பட்டது. இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது? படுகை பௌதிகம், கட்டட வேலை மானிடம். இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பாடத்தில் தலைப்பே இல்லை.

ஐந்து கருப்பொருள்களில் இந்தச் சந்திப்புதான், அதாவது மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்புதான், நடுவில் இருக்கிறது. எனக்கு அந்த முறை பிடித்ததற்குப் பெரிய காரணமும் இதுவே. அதோடு பிரதேசம் என்ற கருப்பொருளும் கொழும்பில் தானாகவே விளங்கிவிடும். ஈரவலயம் மழையால் வகுக்கப்பட்ட பிரதேசம். அம்பத்தலைக் குழாய்நீர் போய்ச்சேரும் பகுதி ஒரு சேவையால் உருவான பிரதேசம். வெள்ளவத்தையைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்கிறோமே, அது மனதில் உள்ள பிரதேசம். அதன் எல்லை எந்த வீதியோடு முடிகிறது என்று கேட்டால் வகுப்பில் சண்டையே வரும். வரட்டும்.

குறை என்னவென்றால், பட்டியலில் முதலில் இருப்பதாலேயே பலரும் அமைவிடத்தில் தொடங்கிவிடுகிறார்கள். வட அகலக்கோடு 6 பாகை 56 கலை என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீற்றர் என்று பெருக்கவைத்து, மத்திய கோடு நமக்குத் தெற்கே 770 கிலோமீற்றரளவில் இருக்கிறது என்று காட்டினால் கொஞ்சம் உயிர் வரும். நான் என்றால் நகர்வில் தொடங்குவேன். ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே போயின. கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் எழுந்து 1885இல் முடிவடைந்த அந்தக் காலத்தில் அவை இங்கே திரும்பின. காலியும் கொழும்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஓர் இடத்தின் பெறுமதியைக் கல்லும் சீமெந்தும் மாற்றின. இப்படிச் சொன்னால் அமைவிடமும் பின்னாலேயே வந்துவிடும். இன்றைய உதாரணம் வேண்டுமா? மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனதைக் கேளுங்கள், பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கதை இருக்கும்.

அவுஸ்திரேலிய ஏழு: இடம், வெளி, சூழல், ஒன்றோடொன்று உள்ள தொடர்பு, நிலைபேறு, அளவு, மாற்றம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது அதிகம். முதல் நான்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதால், கடைசியில் வரைவிலக்கணம் மனனம் செய்வதில்தான் போய் முடியும். ஆனால் அளவு, மாற்றம் ஆகிய இரண்டையும் இரவல் வாங்காமல் ஐந்து கருப்பொருள்களால் முழுதாக ஓட முடியாது. 2016 மே மாதம் கொலன்னாவை வெள்ளத்தில் மூழ்கியது. நகர அளவில் பார்த்தால் சதுப்புநிலத்தை நிரப்பிக் கட்டிய கதை தெரியும்; வடிநில அளவில் பார்த்தால் மேலே கொட்டிய மழை தெரியும். எந்த அளவில் பார்க்கிறோம் என்பதற்கு ஐந்தில் தனி இடமில்லை. மாற்றத்துக்கு நம்மிடம் துறைமுக நகரமே இருக்கிறது: கடலாக இருந்த 269 ஹெக்டேயர் இப்போது தரை. பழைய இடவிளக்கப் படத்தையும் கைப்பேசியில் செய்மதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பேச்சே தேவையில்லை.

அமெரிக்கர்களே 1994இல் ஐந்தைத் தாண்டி 18 நியமங்களுக்குப் போய்விட்டார்கள். இருந்தும் ஐந்து இன்னும் புழக்கத்தில் இருப்பது, கைவிரலில் எண்ண முடிவதால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, என் தெரிவு: தரம் 6, 7இல் நகர்வில் தொடங்கி ஐந்து கருப்பொருள்கள், இடையிடையே அளவும் மாற்றமும். தரம் 10 வந்ததும் பௌதிகம், மானிடம் என்ற ஒழுங்குக்கு மாறிவிடலாம். அந்த வயதில் பிரித்துப் படித்தாலும் சேர்த்து யோசிக்கத் தெரிந்திருக்கும். புள்ளி குறையுமா என்று பெற்றோர் கேட்பார்கள். படம் குறிக்கும் பயிற்சியை வாரத்தில் ஒரு பாடவேளை தனியாக வைத்தால் குறையாது. அதைக் கருப்பொருள் பாடத்தோடு கலந்தால்தான் இரண்டும் கெடும்.