பெயர் விலாசம் இல்லாத மக்கானா பொட்டலம்: வாங்கிவிடாதீர்கள்

நவராத்திரிக்கு மக்கானா (குளத்தில் விளையும் ஒரு விதையை வறுத்து எடுக்கும் வெள்ளைப் பொரி) வாங்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பீகார் தர்பங்காவிலிருந்து நேரடி இறக்குமதி, மிதிலா மக்கானா, முதல் தரம்" என்று போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்காக்களும் நானும் சேர்ந்து 5 கிலோ சொன்னோம். பேநவ் (PayNow) பணப்பரிமாற்றம் மூலம் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். வந்தவை எதுவும் அச்சிடாத பிளாஸ்டிக் பைகள். இங்கே பொட்டலமாக விற்கும் இறக்குமதி உணவில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் இருந்தே ஆக வேண்டும். இதில் ஓர் எழுத்துகூட இல்லை.

மேலாக மட்டும் நல்ல வெள்ளைப் பொரி. கையை விட்டுக் கிளறினால் அடியில் பழுப்பேறிய பொடிசுகள், பாதி வெடித்து உள்ளே கறுப்பு ஓடு ஒட்டிக்கொண்டிருப்பவை, பூச்சி துளைத்தவை, தூள். பூஞ்சை வாடை வேறு.

கூப்பிட்டுக் கேட்டால், "சிங்கப்பூர் ஈரத்துக்கு அப்படித்தான்க்கா இருக்கும், நெய்யில வறுங்க, சரியாயிடும்" என்கிறார். நமத்துப்போனது வறுத்தால் மொறுமொறுப்பாகும், சரி. பூச்சி அரித்ததும் பூஞ்சை பிடித்ததும் எப்படிச் சரியாகும்? ஓடு ஒட்டியவற்றைப் பொறுக்கித் தள்ளாமல் எடைக்குச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த செய்திக்குப் பதிலே இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பீகாரில் முள் நிறைந்த இலைகள் படரும் குளங்களில் இறங்கி, அடிச்சேற்றிலிருந்து இந்த விதையை அள்ளுகிறார்கள். கழுவி, காயவைத்து, சல்லடையில் அளவு பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, மறுபடி வறுத்து, சூடு குறைவதற்குள் மரச்சுத்தியால் தட்டினால்தான் ஓடு உடைந்து பொரி வெளியே வரும். அப்படிப் பாடுபடுகிறவர்களின் ஊர்ப்பெயரை, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற 'மிதிலா மக்கானா' என்ற பெயரை, கழிவுக்குச் சூட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொட்டலத்தில் விவரம் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள். பிரித்ததும் ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். படக்கென்று நொறுங்க வேண்டும், ரப்பர் மாதிரி அமுங்கக் கூடாது. அப்புறம் கட்டாயம் பையின் அடியையும் பாருங்கள்.

படங்களோடு சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு எழுதியிருக்கிறேன். பணத்தைத் திரும்பப் பெறச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போகலாம். கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதே ஆளிடம் வாங்கியவர்கள் பையையும் பேநவ் பதிவையும் தூக்கிப் போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.